நிமலன் என்கிற ஈ

“அசையாதேங்கோ,” என்றாள் துஷாந்தினி.

வலையைத் தூக்கிய கையோடு நிமலன் அப்படியே நின்றான். புளியங்கூடல் வயலோர வேலியில், அவன் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, கிளுவைத் தடியொன்றில் இரண்டு கொள்ளை ஈக்கள் வாலோடு வால் பொருந்தி, இணைசேர்ந்து இருந்தன. சோற்றில் மொய்க்கிற ஈயல்ல. பறக்கிற பூச்சியைப் பறந்தே பிடிக்கும் வேட்டைக்காரக் குடும்பம். ஒன்று பெரியது, சாம்பல் நிறம். மற்றதுக்குச் செம்மஞ்சள் வயிறு, முகத்தில் தாடிபோல மயிர். சாம்பல் ஈ ஒரு தேனீயைக் கழுத்தில் குத்திப் பிடித்திருந்தது. ஊசிவாயால் எச்சிலை இறக்கி, உள்ளே சதை கரைந்ததும் உறிஞ்சிவிட்டுப் பறந்துவிடும்.

“செம்மஞ்சள் எங்கடை ஆள்தானே?” நிமலன் உதடு அசையாமல் கேட்டான்.

“ஓம்.”

எங்கடை ஆள் என்றால், அவனுடைய பெயர் வைத்த ஈ. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கும் துஷாந்தினி அதைப் புதிய இனம் என்று எழுதி, கல்யாணம் முடிந்த முதல் வருசத்திலேயே கணவனின் பெயரை அதற்கு வைத்திருந்தாள். கட்டுரை நாளைக்கு அச்சுக்குப் போகிறது. நிமலன் வேலை செய்யும் வேலணைச் சங்கக்கடையில் அந்த ஈயின் படத்தைப் பார்க்காத ஆளில்லை. அவனுடைய அம்மா கனடாவுக்கும் சொல்லியாயிற்று.

அவளிடம் இருந்த நாலு செம்மஞ்சள் ஈயும் ஆண். சாம்பல் ஈயோ நூறு வருசத்துக்கு முன்பே பெயர் வைக்கப்பட்ட இனம். பெண் ஈயை மட்டும் வைத்து விபரிக்கப்பட்டது. அதன் ஆணை ஒருவரும் கண்டதில்லை. அவள் இப்போது கண்டுகொண்டிருந்தாள்.

“பிடிக்கவோ?”

அவள் ஈக்களின் செட்டைகளையே உற்றுப் பார்த்தாள்.

“வாயிலை என்ன கொழுக்கட்டையோ? எனக்குக் கை உளையுது.”

அவள் வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்த வெயிலில் வேறு யாரும் இந்த வேலியைப் பார்க்கப் போவதில்லை.

“பிடிச்சா உங்கடை பேர் போயிடும்,” என்றாள். “ரெண்டும் ஒரே இனம். முதல் வைச்ச பேர்தான் நிக்கும்.”

நிமலன் செம்மஞ்சள் ஈயைப் பார்த்தான்.

“அவன் பிழையான பெட்டையோடை சேர்ந்திருக்கலாமே? ஆம்பிளையள் பிழை விடுறேல்லையோ?”

“செட்டை நரம்பு ரெண்டுக்கும் ஒண்டுதான். நான்தான் நிறத்தைப் பாத்து ஏமாந்தனான்.”

“விட்டால்?”

“உங்கடை பேர் இருக்கும். அது பொய்யெண்டு எனக்கும் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்.”

சாம்பல் ஈ வெறுங் கோதாகிவிட்ட தேனீயைக் கீழே விட்டது. பறக்கச் செட்டைகள் விரிந்தன.

வலை இறங்கியது.

துஷாந்தினி ஓடிப்போய் வலையின் வாயை முறுக்கி, மருந்துப் போத்தலை உள்ளே விட்டாள். மருந்து மணத்தில் இரண்டும் பிரியாமலே அடங்கின. போத்தலை மூடியதும் தன் பேராசிரியருக்குப் போன் எடுத்தாள்.

“சேர், கட்டுரையை நிப்பாட்டுங்கோ. நான் பிழை விட்டிட்டன்.”

நிமலன் மோட்டார் சைக்கிளில் முதுகு காட்டி இருந்தான். அவள் பின்னால் வந்து நின்றாள். தோளில் கை வைக்கப் பயமாக இருந்தது.

“அப்ப இனி ரெண்டுக்கும் அந்தப் பொம்பிளையின்ரை பேர்தானோ?” என்று கேட்டான்.

“ஓம்.”

“எங்கடை ஊரிலை பொம்பிளையள்தான் புருசன்ரை பேரை எடுக்கிறது.”

“அதை ஈக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?”

அவன் திரும்பவில்லை. அவள் ஏறுவதற்கு இடம்விட்டு, சற்று முன்னால் நகர்ந்து இருந்தான்.