ஓடினது யார் கால்?

பாட்டு ஏன் ஓடுகிறது? சூசைமாணிக்கம் வாத்தியாரை மூன்று மாதமாகக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். திருப்பூர் மாதா கோயிலில் ஞாயிறு தவறாமல் கால் ஆர்மோனியம் வாசிக்கிறவர் அவர். முதல் அடி நிதானமாகத்தான் புறப்படும். மூன்றாவது சரணத்துக்குள் பாடுகிற பதினோரு பேரும் பல்லடம் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி ஓடுவார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு இவரும் காற்றடிக்கிற பெடலை மிதிமிதியென்று மிதிப்பார்.

"பங்குத் திருவிழாவுக்கு ஆயர் வர்றாருங்க வாத்தியாரே. இப்படியே ஓடுனா, கோயமுத்தூர்ல இருந்து வேற குழுவக் கூட்டிட்டு வந்துருவேன்" என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார்.

போச்சுடா என்றாகிவிட்டது வாத்தியாருக்கு. ஒவ்வொருவரையும் தனியாகப் பாடவிட்டுப் பார்த்தார். அட, ஒருத்தர்கூட ஓடவில்லை! சேர்ந்தால்தான் ஓட்டம். அப்படியானால் யாரோ ஒருத்தர் மற்றவர்களை இழுக்கிறார். இருப்பதிலேயே பெரிய குரல் சவரியம்மாளுடையது. பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். வாயைத் திறந்தால் ரோடு வரைக்கும் கேட்கும். அவளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார்.

"ஏனுங்க சவரியம்மா, கொஞ்ச நாளைக்கு வாய மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாமுங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. திருவிழாப் பூசையில் அவளுக்கென்று ஒரு தனிப்பாட்டு இருந்தது. இனி அதுவும் இல்லை என்று புரியாதா என்ன? "சரீங்க சார்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். பாட்டோ முன்னைப் போலவே ஓடியது! வாத்தியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் குடைச்சல் விடவில்லை. மறுநாள் மத்தியானம் அவளையே கேட்போமென்று கம்பெனிக்கே தேடிப் போனார்.

உள்ளே வரிசையாக மெஷின்கள். அவருடைய குழுவில் பாதிப்பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். கால் அழுந்தினால் மெஷின் பறக்கிறது, கால் தளர்ந்தால் நிற்கிறது. வாத்தியார் கண்கொட்டாமல் பார்த்தார்.

"எங்களுக்கு வேகமெல்லாம் காலுலதானுங்க சார்" என்றாள் சவரியம்மாள். "கோயில்லயும் உங்க காலப் பாத்துத்தானுங்க பாடறோம். நீங்க வேகமா மிதிச்சா நாங்களும் ஓட்டிருவோம்."

"என்ர கையப் பாக்கறதில்லீங்களா?"

"கைய எதுக்குங்க பாக்கோணும்?"

வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். குரல்கள் ஏற ஏற, காற்றுப் போதாதென்று மிதித்தது அவர். அதைப் பார்த்து ஓடியது அவர்கள். அவர்களைப் பிடிக்க இன்னும் மிதித்ததும் அவர்தான். அடப்பாவி மனுசா!

ஞாயிறு ஒத்திகைக்குச் சவரியம்மாளே கழிவுப் பனியன் துணி கொண்டுவந்து, பெடல் தெரியாதபடி ஆர்மோனியத்தைச் சுற்றிக் கட்டினாள். பாட்டு ஐந்து சரணமும் ஒரே நடையில் போனது. எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாருக்கு மட்டும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று நிமிர்ந்து பார்த்தார்.

சவரியம்மாள் இன்னமும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் எழுந்துவிட்டார். "ஓடுனது என்ர காலுங்க. பழிய இந்தம்மா மேல போட்டுட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். "மன்னிச்சுக்கங்கம்மா. தனிப்பாட்டு உங்களுதுதான். பாடுங்க."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மொதல்ல நீங்க காலத் துணிக்குள்ள வைங்க சார்" என்றாள். பிறகு வாயைத் திறந்தாள்.