நிஜப் பிடி

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கே மகன் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். இறங்கி வந்து அம்மாவுக்குக் கதவைத் திறந்து பிடித்தான். எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் நின்று பார்த்தாள். கை ஒடிந்த தாயை வாரம் தவறாமல் பயிற்சிக்குக் கூட்டிப்போகிற பிள்ளை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள் அவள்தான்.

அந்தக் கையை ஒடித்ததும் அந்தப் பிள்ளைதான். தெருவுக்கு அது தெரியாது.

சோபா பட்டறையில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். நேர் ஊசி போகாத மூலைகளைத் தைக்க வளைந்த ஊசி ஒன்று உண்டு. புருஷன் செத்த பிறகு அந்த ஊசிதான் வீட்டைக் காப்பாற்றியது. வலது மணிக்கட்டு முறிந்து உள்ளே தகடு வைத்த பிறகு ஊசி என்ன, தேநீர்க் கோப்பைகூடக் கையில் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவி சத்தத்தைக் குறைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. மகன் ரிமோட்டைக் கேட்டான். கொஞ்சம் தலைவலி அடங்கட்டும் என்று கையிலேயே வைத்துக்கொண்டாள். அவன் ரிமோட்டைப் பிடுங்கவில்லை, கையைப் பிடித்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இரும்பைத் திருகித் திருகிப் பழகிய விரல்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு வீட்டுப் படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். அவர்கள் வீடு தரைத்தளம். வாசலில்கூடப் படி கிடையாது. முன்பு குடியிருந்தவர் சக்கர நாற்காலிக்காரர், சரிவாகக் கட்டிவைத்திருந்தார். பொய் சொல்லும்போது வீட்டை ஒரு தரம் நினைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் யாரும் கேட்கவில்லை. தினம் எதிரே நின்று பார்க்கிறவளும் கேட்கவில்லை. மகன் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். கட்டுப் பிரித்ததும் அவனே விசாரித்து இந்தப் பயிற்சியில் சேர்த்துவிட்டான்.

டயர் கடைக்குப் பின்னால் நீளமான ஒரு கூடம். சொல்லிக்கொடுப்பவளை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். முன்பு பிசியோவாக வேலை பார்த்தவள், ஊசியக்காவை விட வயதில் மிகவும் சின்னவள். அவள் கொடுக்கிற கத்தி பழைய காலத்து வகை, பூனை நகம்போல உள்பக்கமாக வளைந்தது. பிடியின் தலையில் ஒரு வளையம். ஆள்காட்டி விரலை அதற்குள் விட்டுக்கொண்டால் கை விரிந்துபோனாலும் கத்தி விழாது. பிடி போன கைகளுக்கு இதைவிட நல்லது இல்லை என்பாள் மாஸ்டர். கையும் தேறும், எவனாவது பிடித்தால் விடுவித்துக்கொள்ளவும் தெரியும்.

வளைவு ஊசியக்காவுக்குப் புதிதில்லை. மணிக்கட்டைத் திருப்பும் கணக்கு சீக்கிரம் பிடிபட்டது. போன வாரம் பட்டறையில் ஒரு மெத்தையின் மூலையைத் தானே தைத்து முடித்தாள்.

மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கடை பூட்டி இருட்டில் நடந்து வருகிறாள், அவளும் கற்றுக்கொள்ளட்டும் என்று மகன்தான் இங்கே கொண்டுவந்து விட்டான். ஊசியக்காவுக்கு ஜோடி அவள். அத்தை அத்தை என்று காலைச் சுற்றி வந்தாள். கடைக்கு வருகிற கிழவர்கள் பார்வை தெரியாமல் சுவரில் உள்ள எழுத்தை மனப்பாடமாகச் சொல்வதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாள்.

கல்யாணமானதும் தனிக்குடித்தனம் என்று பேசி முடித்திருந்தது. அவனை ஒருத்தி தலையில் கட்டிவிட்டால் போதும். பிறகு தன் வீட்டுக் கதவைத் தானே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம். ஊசியக்கா அந்த நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் மணிக்கட்டு மெலிந்தது. பயிற்சியில் பிடிக்கும்போது இவள் கட்டைவிரலும் நடுவிரலும் அதைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை வாயைத் திறந்தாள். குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டு முடித்தாள்.

அன்றைக்கு ஊசியக்கா மரக்கத்தியிலிருந்து இரும்புக் கத்திக்கு மாற வேண்டும். முனை மழுங்கியதுதான், ஆனாலும் எடை உண்டு. மாறுவதற்கு முன் ஒரு நிஜப் பிடியிலிருந்து விடுவித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். பிடிக்கிறவர் பயிற்சி தெரியாதவராக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் தங்களை அறியாமல் விட்டுக்கொடுத்துவிடுவார்கள். வழக்கமாக டயர் கடையிலிருந்து ஆள் வருவான். கடை அன்று பூட்டியிருந்தது.

மாஸ்டர் வெளியே எட்டிப் பார்த்தாள். மகன் காரில் சாய்ந்துகொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

ஊசியக்கா அவசரமாகச் சொன்னாள், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்குக் கை கொஞ்சம் கனக்கிறது என்று. கனக்கிற அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும் என்றாள் மாஸ்டர். அவள் கூப்பிட, மகன் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

முதல் தடவை அவன் இரண்டு விரலால் தொட்டான். ஊசியக்கா கத்தியைத் திருப்புவதற்கு முன்பே விட்டுவிட்டான்.

"இது பிடியா?" என்றாள் மாஸ்டர்.

தோள் இறங்கிப்போய் அங்கே வந்துகொண்டிருந்த பஸ் டிரைவர் ஒருவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "தம்பி, பூப் பறிக்க வந்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணும் சிரித்தாள்.

மகனுடைய காது மடல் சிவந்தது. ஊசியக்காவுக்கு அந்தச் சிவப்பு தெரியும்.

"பொய்யாப் பிடிச்சா அவங்களுக்குப் பாடமே இல்ல," என்றாள் மாஸ்டர். "கோவத்துல எப்படிப் பிடிப்பீங்களோ அப்படிப் பிடிங்க."

அவன் பிடித்தான். சட்டையையோ தோளையோ அல்ல. யோசித்த மாதிரியே தெரியவில்லை. கட்டைவிரல் அவளுடைய மணிக்கட்டின் முதுகில், தகடு இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொரு கை முழங்கையை அவள் விலாவோடு சேர்த்து அழுத்தியது. பிறகு வெளிப்பக்கமாகத் திருகினான்.

கத்தியின் வளைவை அவன் மணிக்கட்டில் மாட்டி இழுத்துக்கொண்டு ஒரு எட்டு விலக வேண்டும். அதைத்தான் இத்தனை நாள் பழகியிருந்தாள். கை விரிந்துவிட்டது. ஐந்து விரலும் விரிந்துவிட்டது. கத்தி விழவில்லை, ஆள்காட்டி விரலின் வளையத்தில் தொங்கி ஆடியது.

"குடுத்திடறேன்," என்றாள் ஊசியக்கா. "குடுத்திடறேன், குடுத்திடறேன், விட்டுடு."

"என்னத்தம்மா குடுக்கப் போறீங்க?" என்று டிரைவர் சிரிக்க ஆரம்பித்தார். கூடச் சிரிக்க ஆள் சேரவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

மகன் கையை எடுத்தான். "அம்மா சும்மா நடிக்கறாங்க," என்றான். யாரையும் பார்க்காமல் சொன்னான்.

மாஸ்டர் அவனைக் காரில் இருக்கச் சொன்னாள். அவன் போனான். மாஸ்டர் மணிக்கட்டைத் தன் இரண்டு கையிலும் வாங்கித் தையல் தழும்பைப் பார்த்தாள். அவனுடைய கட்டைவிரல் பதிந்த வெள்ளை அதன் மேல் இன்னும் இருந்தது. தழும்பையும் வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றாள் ஊசியக்கா. இரும்புக் கத்தி அடுத்த வாரம் ஆகட்டும் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் மற்றவர்கள் பக்கம் போனாள்.

செருப்பு வைக்கும் இடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. ஊசியக்கா அதில் உட்கார்ந்தாள். விரல் வீங்கி, வளையம் கழலவில்லை. பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கைக்குட்டையை நனைத்து விரலில் சுற்றி, வளையத்தை அப்படியும் இப்படியுமாகத் திருப்பி மெல்ல உருவி எடுத்தாள். மரக்கத்தியைப் பெஞ்சில் வைத்தாள். விரலை விடவில்லை.

வெளியே கார் ஹார்ன் அடித்தது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் நீளமாக.

நேரமாகிறது, புடவை எடுக்க வேறு போக வேண்டும், கடை மூடிவிடுவான் என்று ஊசியக்கா சொன்னாள். பயத்தில் ஏதோ உளறிவிட்டதாகச் சொன்னாள். முதலில் எந்தக் கடை, பிறகு எந்தக் கடை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். பெண் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கிழவர்கள் எழுத்தை மனப்பாடமாகச் சொல்லும்போது கடையில் அவள் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பாள் போலும்.

ஊசியக்கா பேசி முடித்தாள். பெண் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அத்தை, படியில விழுந்தேன்னு சொன்னீங்க. உங்க வீட்ல படி எங்க இருக்கு?"