உறை பிரிக்காத கேசட்டுகள்

நான்காவது படிவத்தையும் நாகபூஷணம் கிழித்துப் போட்டார். மோனிகா இந்தமுறை தன் பெயரிலேயே ஒரு எழுத்தை விட்டிருந்தாள்.

"பேரே தப்பு. உனக்கு கேசட் ஒண்ணு கேடா?" அந்த டிரஸ்ட் நூலகத்துக்கு அவர்தான் லைப்ரரியன்.

மோனிகாவின் அம்மா வள்ளி, சித்தூர் மாம்பழக்கூழ் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தாள். விரல்களில் மஞ்சள் போகவில்லை. மேசையைத் தொடாதே என்று வந்ததுமே சொல்லிவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி பீரோவில் பத்தாம் வகுப்புப் பாடம் மொத்தமும் கேசட்டாக அடுக்கியிருந்தது. எழுத்து கண்ணுக்குப் பிடிபடாத பிள்ளைகள் கேட்டாவது படிக்கட்டும் என்று பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள் பேசிப் பதிந்து கொடுத்தது. இரண்டு வருஷமாக ஒன்றின் உறைகூடப் பிரியவில்லை. எழுத வராதவளுக்கென்று வைத்த பொருளை அவள் பிழையில்லாமல் எழுதிக் காட்டினால்தான் கொடுப்பார்களாம்.

மார்ச்சில் பெயில். ஜூன் சப்ளிமென்டரிக்குப் பன்னிரண்டு நாள்தான். அதிலும் போனால் பெங்களூர் கார்மென்ட்ஸ் வேனில் ஏற்றிவிடுவதாக அவள் அப்பன் ஏஜெண்டிடம் வாக்குக் கொடுத்துவிட்டான்.

"பெத்தவ நானு எழுதறேன் சார்."

"வாங்கறவங்க சொந்தக் கையால எழுதணும்மா. ஏம் சேசேதி, நான் இன்னா பண்றது? ரூல்ஸு." சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்து ஒன்று முதல் பதினொன்றுவரை கடகடவென்று படித்தார். நடுவில் இருமினார். "கேட்டீங்க இல்ல? கெளம்புங்க. நான் டிபன் துன்னணும்."

மோனிகா அட்டைப் பக்கம் திரும்பவேயில்லை. ஜன்னலைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தாள். பதினொன்றும் வரிசையாக, வார்த்தை பிசகாமல் வந்தன. ஆறாவதில் அவர் இருமிய இடத்தில் இவளும் நிறுத்தி இருமினாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"ஒம்போதாவது இன்னாமே சொன்ன? இன்னொருவாட்டி சொல்லு," என்றாள் வள்ளி.

"எழுத இயலாதவர்களுக்குப் பணியாளரே படிவத்தை நிரப்பித் தர வேண்டும்."

வள்ளி அவர் பக்கம் திரும்பினாள். மூன்று வாரம். ஏழு நடை.

"இவளுக்குப் படிக்க வரல. நல்லா படிக்கத் தெரிஞ்ச உங்க காதுல அது உழலியா சார்?"

"பீரோ சாவி டிரஸ்ட் பிரசிடென்ட் கிட்ட கீது," என்றார். அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது.

வள்ளி ஐந்தாவது படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அது பறந்துவிடாதபடி இரண்டு மஞ்சள் கைகளையும் மேசைமேல் அழுத்தி ஊன்றினாள்.

"எழுதுங்க. பேரு மோனிகா."

அவர் பேனாவைத் தேடுவதுபோல் மேசையைத் துழாவினார். வெள்ளைத்தாளின் இரு ஓரங்களிலும் மஞ்சள் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.