கால் என்னோடது

பிரிட்ஜ் கதவில், வெண்ணெய்க் கட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த இன்சுலின் பேனாவைக் காணவில்லை. ஏழு மாத வயிற்றோடு அவள் குனிந்து காய்கறித் தட்டு வரை கிளறிப் பார்த்துவிட்டாள். மேசையில் மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. ஊசி போடாமல் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கூடத்தில் கால் பிடித்துவிடும் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டிருந்தாள். பாதத்தில் இன்ன இடத்தை அழுத்தினால் உடம்பில் இன்ன உறுப்பு தெளியும் என்று யாரோ சொல்லி, கணவன்தான் அக்காவை வரவழைத்தான். துணி ஆலையில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போடுகிற கால்கள் இவளுக்கு. அக்காவின் கட்டைவிரல் அழுத்தத்தில் இவளுக்குக் கண் சொருகும். அந்தச் சுகத்தை நினைத்தபோது ஊசியைக் காணாத ஆத்திரம் இப்போது இரண்டு மடங்காயிற்று.

ஊசி எங்கே என்று கேட்டாள். கூடத்தில் நின்ற கணவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"இனிமே அது எதுக்கு? போன வாரம் சுகர் சரியா வந்துச்சுல்ல. எல்லாம் அக்கா கை பட்ட நேரம்."

அக்கா பதறி எழுந்தாள். "நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? உடம்பு அசதி போகும், நல்லா தூக்கம் வரும். ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்கன்னு மொத நாளே உங்ககிட்ட சொன்னேனே."

"அவர்கிட்ட சொன்னீங்க," என்றாள் அவள். "கால் என்னோடது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"



கணவன் தன் அம்மாவின் கதையை எடுத்தான். சர்க்கரை என்று ஊசியில் ஆரம்பித்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் அவன் எலும்பில் ஊறியது, அவளுக்கும் தெரியும். இத்தனை நாள் அதற்காகத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாவம் பார்த்துப் பார்த்து, வயிற்றுப் பிள்ளையையே பணயம் வைக்கிற இடத்துக்கு வந்து நிற்கிறது.

"அத்தை காலை எடுத்தது ஊசியில்ல. புண்ணு வந்தத யார்கிட்டயும் சொல்லாம மூடி வச்சதுதான். இப்ப சொல்லு, என் பேனாவ எங்க போட்ட?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'நீ' என்றதில்லை. அவன் முகம் கறுத்தது. காலையில் குப்பை வண்டியில் போட்டுவிட்டதாக முணுமுணுத்தான்.

அவள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வீங்கிய பாதம் செருப்புக்குள் நுழையவில்லை. உதறிவிட்டாள். வாசல் கால்மிதியில் உள்ளங்கால் எண்ணெயைத் தேய்த்தாள், யாரையோ மிதிப்பதுபோல, மாற்றி மாற்றி. பிறகு கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

தெருவில் வெயில் கொளுத்தியது. ஒட்டியிருந்த எண்ணெயில் மண் அப்பிக்கொண்டது. பின்னால் அவன் ஓடிவரும் சத்தம் கேட்டது. அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மருந்துக் கடை இருந்த முனையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.