பெருமூச்சு, பெருமூச்சு, பெருமூச்சு

“இன்னிக்கு யாரு கடல்ல விழுந்தாங்க?” என்று எங்கள் ஆசிரியை ஒத்திலியா கேட்டார். சான் டியேகோ படகுத்துறையின் துணி துவைக்கும் அறையில்தான் எங்களுக்கு ஸ்பானிஷ் வகுப்பு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் என் உள்ளாடைகள் சுழன்றுகொண்டிருந்தன.

“என் மச்சான்,” என்றேன் ஸ்பானிஷில். “என் மச்சான் கடலில் விழுந்துவிட்டான்.”

“போன வாரம் நாய். அதுக்கு முந்தி பக்கத்து வீட்டுக்காரர். உங்க படகுல போறதே ரெண்டு பேரு, டுவேன். மச்சான் எப்ப ஏறினாரு?”

என் மனைவி மார்லிஸ் சிரித்தாள். அவளுடைய ஸ்பானிஷில் மனிதர்கள் மீன் வாங்குகிறார்கள், கல்யாணத்துக்குப் போகிறார்கள், மழையைப் பற்றிக் குறைப்படுகிறார்கள். என்னுடையதில் எல்லோரும் மூழ்குகிறார்கள். முப்பது வருடம் காப்பீட்டுக்காக நஷ்டம் மதிப்பிட்டவன் நான். எதைப் பார்த்தாலும் அது எப்படி உடையும் என்றுதான் முதலில் தோன்றும்.

வீட்டை விற்றாயிற்று. புயல் காலம் முடிந்ததும் மெக்சிகோ. அதற்கப்புறம்? எப்போது திரும்புவீர்கள் என்று கேட்பவர்களிடம் “யாருக்குத் தெரியும்” என்பாள் மார்லிஸ், பரிசு விழுந்தவளின் முகத்தோடு. நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆபத்து அழைப்பை ரேடியோவில் ஸ்பானிஷில் தடுமாறாமல் சொல்ல வரும்வரை கயிற்றை அவிழ்க்க மாட்டேன். அதில் படகின் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். எங்கள் படகின் பெயர் ‘பெருமூச்சு’. பழைய சொந்தக்காரர் வைத்தது. பெயரை மாற்றினால் ஆகாது என்பார்கள். நான் அதையும் நம்புகிறவன். பெயர் சரளமாக வரும், இருக்கும் இடம் வரும். ‘என் மனைவி’ என்ற இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம். அவசரத்துக்கு மச்சானைத் தள்ளிவிடுவேன்.

சனிக்கிழமை காலை திறந்த கடலில் பயிற்சிக்குப் போனோம். விழுந்த ஆளைத் தூக்கிப் பழக, படகின் விலாவில் தொங்கும் ரப்பர் மிதவைக்குத் தொப்பி மாட்டி எறிவது இங்கே எல்லோருடைய வழக்கம். ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் அதை நோக்கிக் கை நீட்டியபடியே நிற்க வேண்டும். கண்ணை எடுத்தால் போச்சு. இரண்டு பேர் மட்டும் உள்ள படகில் ஒருவர் விழுந்தால், சுட்டிக்காட்ட ஆளில்லை.

மார்லிஸ் தன் மஞ்சள் தொப்பியை மாட்டி எறிந்தாள். “நான் இப்ப தண்ணிக்குள்ள இருக்கேன். என்கிட்ட எதுவும் கேக்காத,” என்று சொல்லிவிட்டு ஓர் ஆப்பிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மூழ்கிக்கிட்டிருக்கிறவ ஆப்பிள் திங்கலாமா?”

“பசியோட சாகச் சொல்றியா?”

சுக்கானைத் திருப்பினேன். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு கணம் அண்ணாந்து பார்த்தேன், அவ்வளவுதான். திரும்பினால் தொப்பி இல்லை. ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சாம்பல் நிற அலைமேடுகள். முதுகுக்குப் பின்னால் ஆப்பிள் கடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் சுக்கானருகே தொங்கிய மைக்கைப் பிடுங்கினேன். ரேடியோவைப் போட்டிருக்கவில்லை என்பதுகூட மறந்துவிட்டது. பெருமூச்சு, பெருமூச்சு, பெருமூச்சு. என் மனைவி கடலில் விழுந்துவிட்டாள். நீலச் சட்டை. நீந்தத் தெரியும். ஆனால் அவளுக்குக் குளிர் தாங்காது, ஐயா, கோடையிலும் காலுறை போட்டுத்தான் தூங்குவாள், சீக்கிரம் வாருங்கள். அத்தனையும் ஸ்பானிஷில். ஒத்திலியா சொல்லித்தராத வாக்கியங்களும் எங்கிருந்தோ வந்தன.

ஆப்பிள் சத்தம் நின்றிருந்தது.

“இது எப்பலேருந்து வருது?” என்றாள் மார்லிஸ்.

“இப்பத்தான்.”

அவள் ஆப்பிளைக் கீழே வைத்தாள். “அப்ப கயித்த அவுத்துடலாமா?” இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அதைக் கேள்வியாகக் கேட்டாள்.

மைக்கைத் திரும்ப மாட்டப் பார்த்தேன். விரல்கள் விடவில்லை. “தொப்பியக் காணோம், மார்லிஸ்.”

தண்ணீருக்குள் இருக்கிறவள் எழுந்து வரக் கூடாது. அவள் வந்தாள். ஒரு கையால் என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தெற்கே நீட்டினாள். அங்கே எனக்குத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆப்பிள் சாறு காய்ந்திருந்த அந்த விரல் நுனியை மட்டும் பார்த்துக்கொண்டு சுக்கானைத் திருப்பினேன். படகு ஏறி இறங்கியது. அவள் கை இறங்கவில்லை.