வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போனபின், மகேஷ் கூடத்தில் உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டான்.

"விஜயா, ஆஸ்பத்திரி மேல புகார் எழுதிக் குடுத்துட்டேன். அப்பாவுக்கு மூக்குக் குழாயில கஞ்சி ஊத்தின கொஞ்ச நேரத்துலதான் மூச்சு முட்டியிருக்கு. தலைமாட்ட ஒசத்தாம ஊத்தியிருக்கா அந்த நர்ஸு. அவிய ஒழுங்கா விசாரிக்கலன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன். இப்ப டாக்டர்மாரும் அந்தச் சட்டத்துக்குள்ள வந்தாச்சு."

பாளையங்கோட்டையில் அந்த மருத்துவமனையோடு சேர்ந்த செவிலியர் பள்ளியில் விஜயஸ்ரீ ஆசிரியை. செவிலியரின் சட்டப் பொறுப்புகள் பற்றி இரண்டாம் வருட மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான். அன்று பணியில் இருந்த அந்த நர்ஸ் இசக்கியம்மா அவளோடு ஒரே விடுதி அறையில் இருந்து படித்தவள்.

அப்பா தாணுமாலையனுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. தொண்டையும் விழுங்க மறந்துபோயிருந்தது. அதனால் மூக்கு வழியே குழாய் போட்டு, கட்டிலின் தலைமாட்டில் 'வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். இன்னும் சில வாரங்களில் விழுங்கத் தொடங்கிவிடுவார், வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதன்பிறகுதான் திடீரென்று நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் கண்டு, இறந்துபோனார். நுரையீரலுக்குள் ஏதோ இறங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரே காட்டியது.

என்ன இறங்கியது என்பது விஜயஸ்ரீக்குத் தெரியும்.

காரியத்துக்கு முன்பே ஒருநாள், துக்கம் கேட்க வந்த பெண்களிடம் அம்மா பாலம்மாள் சொல்லிக்கொண்டிருந்ததை, காபி கொண்டுவந்தபோது அவள் கேட்டாள்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல. குறுக்குத்துறை ஆத்துல இருந்து தண்ணி கொண்டாரச் சொல்லி எங்கையால குடுத்தேன். மூணு மடக்கு. முழுங்கினாவ. கண்ணுல தண்ணி வந்துச்சு. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாவ."

பெண்கள் தலையாட்டினார்கள். குடுத்துவைத்த மனுஷன் என்றார்கள். விஜயஸ்ரீ தட்டைப் பிடித்தபடி நின்றாள். மரத்துப்போன தொண்டையில் தண்ணீர் எப்படி வழிதவறும், பலமாக இருமக்கூட முடியாதவனுக்கு எப்படிக் கண் மட்டும் கலங்கும் என்று வருடா வருடம் அவள் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். அந்தப் படத்துக்கு அப்பாவின் முகம் வந்துவிட்டது.

மகேஷின் புகாரைப் பார்த்து மருத்துவமனை விசாரணைக்கு உத்தரவிட்டது. அடுத்த நாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, வராந்தாவில் இசக்கியம்மா நின்றாள்.

"ஏட்டி விஜி, நான் தலைமாட்ட ஒசத்தித்தாம்டி ஊத்தினேன். நம்புதியா?"

"நம்புதேன்."

"உங்கம்மாட்டயும் சொன்னேன், ஒரு சொட்டுகூட வாயில குடுத்துராதியன்னு. தலையாட்டினாவ. அத எழுதி வைக்காமப் போயிட்டேன். வார்டு முழுக்க ஒருத்தியாப் பாத்தேன்லா."

எழுதவில்லையென்றால் சட்டத்துக்கு முன்னால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. இருவருக்கும் அது தெரியும்.

"நர்ஸிங் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டு எம் பேர அடிச்சிருவாவளாம். அடிச்சா என்ன, மணிமுத்தாறு டேம் பக்கம் போயி மீன் வறுத்து விக்கேன். நீ வந்தா ரெண்டு துண்டு சும்மா தாரேன்." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மறுநாள் காலையில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஜயஸ்ரீ பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தண்ணி குடுக்கச் சொல்லி யாரும் சொன்னாவளா?"

"யாரு சொல்லணும்? தூங்கையில மூச்சு கரகரன்னு இழுத்துச்சு. நீ கிளாஸுக்குப் போயிட்டே. இவன் மெட்ராஸ்ல கெடக்கான். நாக்கு நனையாமப் போயிருவாவளோன்னு எனக்குப் பயம் வந்துட்டு."

"அட்டை மாட்டியிருந்துச்சேம்மா."

பாலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். குழந்தைக்கு விளக்குவது போல் சொன்னாள்: "ஏளா, அது சாப்பாட்டுக்குல்லா. இது ஆத்துத் தண்ணி."

அம்மா ஒரு தண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவள் முகம் அமைதியாக இருந்தது. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அந்த மூன்று மடக்கு மட்டும்தான் மிச்சம்.

மகேஷை மாடிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மைட்டச் சொல்லிராத," என்றான்.

"இசக்கிக்கு வேலை போயிரும். இனிமே எங்கயும் நர்ஸா நிக்க முடியாது."

"அவளுக்கு வேற பொழப்பு கெடைக்கும். அம்மைக்கு வேற மனசு கெடைக்குமா?"

"அப்ப நீ புகாரத் திருப்பி வாங்கு."

"வாங்கினா ஏன்னு அம்மை கேப்பா. நான் என்ன சொல்ல? நீ ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிக் குடுக்கவ, நீயே சொல்லேன்."

விசாரணை நாளன்று அம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். கண்காணிப்பாளரின் அறையில் மேசைக்கு ஒருபுறம் அவரும் மருத்துவமனை வக்கீலும். மறுபுறம் மகேஷ், அம்மா, விஜயஸ்ரீ. இசக்கியம்மா சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

வக்கீல் கேட்டார், "வாய்ல எதுவும் குடுக்கக் கூடாதுன்னு உறவுக்காரங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"குறிப்புல இருக்கா?"

"இல்ல சார்."

"குழாயில ஊத்தும்போது தலைமாடு உயர்த்தியிருந்ததுன்னு இருக்கா?"

"இல்ல சார். ஆனா ஒசத்தியிருந்தேன்."

வக்கீல் கண்காணிப்பாளரைப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று விஜயஸ்ரீக்குப் புரிந்தது. இசக்கியம்மா அவள் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால்கூட ஒருவேளை தாங்கியிருக்கலாம்.

"சார், அது கஞ்சி இல்ல," என்றாள் விஜயஸ்ரீ. "தண்ணி. அம்மா வாயில தண்ணி குடுத்திருக்கா."

மகேஷ் அவள் கையை அழுத்தினான். அவள் கையை உருவிக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் கேட்டார், "அப்படியாம்மா?"

"ஆமா," என்றாள் பாலம்மாள். குரலில் அந்தப் பெருமை அப்படியே இருந்தது. "குறுக்குத்துறைத் தண்ணி. மூணு மடக்கு குடிச்சாவ."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். பாலம்மாள் கண்காணிப்பாளரைப் பார்த்தாள். வக்கீலைப் பார்த்தாள். தலைகுனிந்திருந்த மகனைப் பார்த்தாள். கடைசியாக மகளைப் பார்த்தாள்.

"அதனாலயா?"

"வயசான உடம்புக்குப் பல காரணம் இருக்கும்மா," என்றார் கண்காணிப்பாளர்.

அவர் சொன்னதை அவள் கேட்கவில்லை. "ஒனக்கு எப்பத் தெரியும்ளா?"

"நீ சொன்ன அன்னைக்கே."

பாலம்மாள் மெல்லத் தலையாட்டினாள். எழுந்தாள். நேரே இசக்கியம்மாவிடம் போய் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "ஒன்னையப் போயி நிக்க வச்சிட்டோமே தாயி," என்றாள். இசக்கியம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அழவில்லை.

மகேஷ் புகாரைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் ஆட்டோ பிடித்து ஜங்ஷனுக்குப் போனான். அம்மாவும் மகளும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். இரண்டு பேர் உட்கார இடம் காலியாக இருந்தது. அம்மா அதைத் தாண்டிப் போய், மடியில் பூக்கூடையோடு இருந்த ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஜயஸ்ரீ அவர்களுக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

முருகன்குறிச்சி தாண்டியதும் பூக்காரி அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். "எப்பம்மா?" என்று பைய விசாரித்தாள்.

"ஒரு மாசம் ஆச்சு."

"ஐயோ பாவம். என்ன செஞ்சுச்சு அவியளுக்கு?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விஜயஸ்ரீ முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

"எனக்கென்ன தெரியும்," என்றாள் பாலம்மாள், திரும்பாமல். "பின்னால இருக்காளே, எம் மவ. அவ படிச்சவ. அவளக் கேளுங்க."

பூக்காரி திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் இரக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பக்கவாதம்," என்றாள் விஜயஸ்ரீ.

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டவுன் வரும்வரை அவளுடைய பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது.