லாக்லனுக்குச் சொன்ன நேரம்

...அப்படியென்றால் டூகல் ஒன்றரைக்கே சர்ச் வாசலில் பேக்பைப்போடு நிற்க வேண்டும், ஆனால் அன்றைக்கு பிட்லொக்ரியில் இன்னொரு கல்யாணத்துக்கும் ஊத ஒப்புக்கொண்டிருக்கிறானாம், இதை இப்போதுதான் சொல்கிறான், சனிக்கிழமை கல்யாணம், இன்றைக்கு ஞாயிறு, அதுவும் ஏதோ நல்ல சேதி மாதிரி. “கவலைப்படாத ரோனா, அங்க ஊதின மூச்சு அடங்கறதுக்குள்ள இங்க வந்துடுவேன்” என்கிறான், மூச்சிரைக்க ஓடி வருகிறவன் என்னத்தை ஊதுவான்... ரோனா மகள் கல்யாணத்துக்கான நேரப் பட்டியலில் எழுதியதை அடித்தாள், மேலே எழுதினாள், அதையும் அடித்தாள். புகைப்படக்காரனுக்கு வெளிச்சம் போவதற்குள் எல்லோரும் ஆற்றங்கரைக்கு வந்துவிட வேண்டுமாம், அபர்ஃபெல்டியில் அக்டோபர் மாதத்தில் எந்த வெளிச்சத்தைக் கண்டான் அவன், மாப்பிள்ளையின் அம்மா ஷீனாவுக்கோ சர்ச் வாசலிலேயே ஆளுக்கு ஒரு வாய் விஸ்கி கொடுத்தே ஆக வேண்டும், அவர்கள் குடும்ப வழக்கமாம், கொடுக்கலாம், நன்றாகக் கொடுக்கலாம், கொடுத்த பிறகு அத்தனை பேரையும் பேருந்தில் ஏற்றப்போவது யார், ஷீனாவா? சாப்பாட்டுக்கு முன் ஆட்டமா, பின் ஆட்டமா என்று இன்னும் முடிவாகவில்லை, வயிறு முட்ட ஆட்டுக்கறி தின்றுவிட்டு கில்ட் பாவாடை பறக்கச் சுழன்று ஆடும் ஆண்பிள்ளைகளை அவள் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பின்னால் வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

மார்சலி கனத்த கம்பளிக் காலுறைகளுக்கு மேல் கல்யாணச் செருப்பை மாட்டிக்கொண்டு, தோலை இளக்குவதற்காகச் சமையலறையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தாள், டக் டக் என்று, கையில் ரொட்டித் துண்டு, யாருக்கோ கல்யாணம் என்பதுபோல. காகிதத்தை எட்டிப் பார்த்து, “மழை எத்தன மணிக்கும்மா? அதையும் எழுதிட்டியா?” என்றாள். சிரிக்கிறாள், இவளுக்கு எல்லாம் சிரிப்பு, அப்படியே அவள் அப்பன். “சிரி, சிரி. அன்னிக்கு உங்கப்பா வந்து சேரலேன்னா அப்ப சிரிக்கிறியான்னு பாக்கறேன்.” டக் டக் நின்றது. “அப்பா இல்லாம நான் கார்ல ஏற மாட்டேன். காசு எறைக்கறது அவருதான்.” அதுதான், அதற்குத்தான் பயம், பெண் ஏறிய கார் வாசலைத் தாண்டும்போது தகப்பன் சன்னல் வழியே கைப்பிடி கைப்பிடியாகச் சில்லறையை வீச வேண்டும், தெருப் பிள்ளைகள் எல்லாம் பாய்ந்து பொறுக்கும், அதற்குத் தகப்பன் காரில் இருக்க வேண்டுமே! லாக்லன் எதற்கு நேரத்தில் வந்திருக்கிறான்? மல்லைக்கில் படகு ஓட்டுகிறான், கடல் ஏறுவதும் இறங்குவதும் நிமிடம் பிசகாமல் அவன் நாக்கு நுனியில் இருக்கும், மனிதர்கள் விஷயத்தில்தான் கடிகாரம் நின்றுவிடும். இந்தப் பெண் பிறந்தபோது எல்லாம் முடிந்த பிறகு மீன் வாடையோடு வந்து நின்றான், விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்குக்கூடத் தாமதம், வக்கீலம்மா இரண்டாவது கோப்பைத் தேநீரையும் முடித்துவிட்டாள், ரோனாவுக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை... அதனால்தான் எப்போதும் செய்வதைச் செய்தாள், ஒரு மணிக்குக் கிளம்பும் காருக்கு அவனிடம் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தாள், இதில் தப்பென்ன, ஒரு மணி நேரம் முன்தள்ளிச் சொன்னால்தான் அந்த மனிதன் ஒரு மணி நேரமாவது குறைவாகப் பிந்துவான்.

தொலைபேசி அடித்தது, அவனேதான், பின்னால் காற்றும் கடற்பறவைகளும். முந்தின நாளே வந்து தங்கேன் என்று ஆரம்பித்தாள், வெள்ளிக்கிழமை படகுக்கு ஆள் இருக்கிறது, காலையில் கிளம்பி வந்துவிடுவேன் என்றான், தெரிந்த பதில்தான். “அப்ப பன்னெண்டு. மறக்காத.”

“பன்னெண்டுன்னா ஒண்ணு. தெரியும்.”

“என்ன சொன்ன?”

“நீ ஒரு மணி நேரம் கொறைச்சுதானே சொல்லுவ ரோனா. எப்பவும் அப்படித்தானே.” அவன் குரலில் குத்தல் இல்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நினைத்தாள், கேட்டும் விட்டாள் போலிருக்கிறது. “உங்கண்ணன் வீட்டுப் புத்தாண்டு விருந்துலேருந்து. ஏழுன்னு சொன்ன. அடிச்சுப் பிடிச்சு வந்தா, சன்னல் வழியா பாக்கறேன், உங்கண்ணி தலையில சுருள் மாட்டிக்கிட்டு உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருக்கா. உள்ள வந்தா நீ பொய் சொன்னது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஒரு மணி நேரம் பனியில நின்னேன். அதுக்கப்புறம் நானே கூட்டிக்க ஆரம்பிச்சேன்.”

அது கல்யாணமாகி இரண்டாவது வருடம். அன்றைக்கு அவன் மூக்கு சிவந்து உள்ளே வந்ததும், வழியில் குடித்துவிட்டு வந்தாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டது அவள்தான், அவன் ஆமாம் என்றான், ஏன் ஆமாம் என்றான்... அதற்குப் பிறகு சில தடவை அவள் அந்த ஒரு மணி நேரத்தை ஒன்றரையாக்கினாள், அவனும் ஒன்றரை கூட்டியிருப்பான், அப்படியானால் அந்தப் பள்ளி விழா, அந்த ரயில், அத்தை அடக்கத்தில் மண் போட்ட பிறகு வந்து நின்றது, அதில் எது அவன் தாமதம், எது அவள் பொய்? இல்லை, இல்லை, பிரசவம் அப்படியல்ல, பிரசவத்துக்கு யார் நேரம் சொன்னது, அவன் தாமதக்காரன்தான், தாமதக்காரனேதான். கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல் வந்தது, இத்தனை வருடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதன்.

“சரி, கேளு. நிஜமா சொல்றேன். கார் கெளம்பறது ஒரு மணிக்கு.”

அவன் மெல்லச் சிரித்தான். “அப்ப ரெண்டா?”

“லாக்லன்! ஒண்ணுன்னா ஒண்ணு!”

“சரி சரி” என்றான், வைத்துவிட்டான்.

எந்தச் சரி அது, நம்பின சரியா, ஆளைச் சமாளிக்கிற சரியா, இருபத்திரண்டு வருடம் கூட இருந்தும் அவளுக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. திரும்பக் கூப்பிடலாம், கூப்பிட்டு என்ன சொல்வது, சத்தியம் பண்ணுவதா, பொய் சொன்னபோதெல்லாம் எவ்வளவு உறுதியாகச் சொன்னாள், இதே குரலில்தானே சொன்னாள்... மார்சலி மேசையோரம் வந்து நின்றாள், ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. “அப்பா எத்தன மணிக்கும்மா வராரு?” ரோனா பேனாவை அவன் பெயருக்கு நேரே கொண்டுபோனாள், ஒன்று என்று எழுதினால் போதும், அதுதான் நிஜம், எழுதப் போனவள், இனிமேல் அவனிடம் ஒரு நிஜத்தை எப்படித்தான் சொல்வது என்று யோசித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.